பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி

நேற்று நீலசந்திராவில் ஒரு பட்டறையில் என் ஸ்கூட்டரைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன். அங்கே ஒரு பழைய மாரிஸ் காரின் உடைந்த பின்விளக்கைக் காட்டி, "இந்தக் கண்ணாடி இப்போ எங்கயும் சிக்காது சார்" என்று அதன் சொந்தக்காரரிடம் மெக்கானிக் சொன்னார்.

என் அப்பா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு டாக்டரம்மாவுக்கு டிரைவராக இருந்தார். அவருடையதும் அதே மாதிரி கார். பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடியில் அப்பா வாயால் ஊதி ஊதித் துடைப்பார். எட்டு வயதில், ஸ்கிப்பிங் கயிற்றின் மரப்பிடியைச் சுழற்றி அதை உடைத்தவள் நான். யாரும் பார்க்கவில்லை.

டாக்டரம்மா கேட்டபோது அப்பா குழம்பிப்போனார். "ரிவர்ஸ்ல நான்தான் எங்கயோ இடிச்சிருப்பேம்மா" என்றார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

சிவாஜி நகரின் பழைய சாமான் கடைகளில் பல ஞாயிறுகள் அலைந்தும் அந்தக் கண்ணாடி அவருக்குக் கிடைக்கவில்லை. அதன்பின் அவர் காரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் டாக்டரம்மா இறங்கி நின்று, "வாப்பா, இன்னும் வா, நில்லு" என்று வழி சொன்னார். அதுவரை ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். சில மாதங்களில், "என் கண்ணு சரியில்ல" என்று வேலையையே விட்டார்.

நேற்று மாலை, எண்பது வயதாகும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ, நான் இடிக்கலையா?" என்றார்.