கல்லாற்றில் காலை ஐந்து மணித் தண்ணீர்

பொன்முடி போகிறவர்கள் கல்லாற்றில் டீ குடித்துவிட்டு மலை ஏறிவிடுவார்கள். நான் அங்கேயே இறங்கினேன். பாலிடெக்னிக்கில் என்னுடன் சிவில் படித்த ஷீபா, கல்யாணமாகி அங்கே போய்ப் பதினோரு வருஷம். குடிநீர்த் திட்டங்களில் சேர்ந்து வேலை பார்ப்போம் என்று இருவரும் சொல்லிக்கொண்டே இருந்தோம். இப்போது நான் நாகர்கோவிலில் ஜவுளிக்கடை பில் கவுண்டரில் இருக்கிறேன். போன இரண்டாம் சனிக்கிழமை அவள் ஊரில் தண்ணீர்க் கமிட்டிக் கூட்டம். "நீ பக்கத்துல இருந்தா போதும்டீ" என்றாள். கிளம்பிவிட்டேன்.

காலை 6.30 ரயில், 71 கிலோமீட்டர், பொதுப்பெட்டி 45 ரூபாய். திருவனந்தபுரத்தில் இறங்கினால் எதிரேயே தம்பானூர் பஸ் ஸ்டாண்ட். போர்டெல்லாம் மலையாளம். கண்டக்டரிடம் கல்லாறு என்றேன். "பொன்முடி பஸ்ஸாணு சேச்சி, கேறிக்கோ" என்று ஏறிக்கொள்ளச் சொன்னார். நெடுமங்காடு, விதுரை வழியாக ஒன்றே முக்கால் மணி நேரம்.

"எட்டி, மெலிஞ்சு போயிட்டியே!" பஸ் நிறுத்தத்தில் கையைப் பிடித்த ஷீபா வீடு வரைக்கும் விடவில்லை.

சிக்கல் இதுதான். நாற்பது வீடுகள். ஆற்றங்கரைக் கிணற்றிலிருந்து மேட்டுத் தொட்டிக்கு மோட்டார் ஏற்றும். குழாயில் தண்ணீர் வருவது காலை பத்து மணிக்கு. பெண்கள் ரப்பர் வெட்டவும் கடைகளுக்கும் போயிருக்கும் நேரம். பிடித்து வைக்க வீட்டில் ஆளில்லை. அதனால் விடிவதற்குள் குடத்துடன் ஆற்றில் இறங்குகிறார்கள். போன மழையில் ஒருத்தி பாறையில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு அங்கன்வாடியில் கூட்டம். கமிட்டியில் ஷீபா ஒருத்திதான் பெண். மற்ற பெண்கள் வாசலில் நின்றார்கள். நேரத்தை ஐந்து மணிக்கு மாற்றக் கேட்டாள் ஷீபா.

"அந்த இருட்டுல மோட்டார் போட யார் போவா? பெண்ணுங்களா?" என்றார் தலைவர். சிலர் சிரித்தார்கள்.

ஷீபா எழுந்து நின்றாள். "அந்நேரம் குடத்தோட ஆத்துல இறங்குறது ஞங்கதானே சேட்டா? போற வழியில ஒரு சுவிட்சு போட மாட்டோமா?"

வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தலைவர், ஒரு மாசம் பார்ப்போம் என்று மோட்டார் அறைச் சாவியை மேஜையில் வைத்தார்.

மேட்டில் இருக்கும் எட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏறுவதே இல்லை என்று ஒருவர் சொன்னார். ஷீபா காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். "இவ வரஞ்சு காட்டுவா." கீழ்ப்பக்கக் குழாயை அடைத்து மேட்டுக்கு முதலில் அரைமணி விட ஒரு வால்வு போதும். வரைந்தேன். கோடு நேராகத்தான் விழுந்தது.

"நீ இங்ஙனயே இருந்திருந்தா..." என்றாள் பஸ் நிறுத்தத்தில். பஸ் வந்துவிட்டது.

போகிறவர்களுக்கு: தம்பானூரில் ஒன்பதுக்குள் பஸ் ஏறுங்கள். சில்லறை வைத்திருங்கள். மலையில் மேகம் கறுத்தால் ஆற்றில் இறங்காதீர்கள், தண்ணீர் சட்டென்று ஏறிவிடும். குளிக்க இறங்கும் இடத்தில் குடத்துடன் பெண்கள் நின்றால் முதலில் அவர்களுக்கு வழி விடுங்கள்.

அடுத்த மாசம் வால்வு வைக்கிறார்கள். கடையில் லீவு கேட்டேன். "என்ன விசேஷம்?" என்றார் முதலாளி.

"வேலை இருக்கு" என்றேன்.