நான்கு கோடுகள் உள்ள முகவரி

ஜெர்மன்காரர்களுக்கு ஹைபன் என்றால் உயிர். நம்மில் யாராவது ஒரு கடைக்கு இணைய முகவரி வாங்கினால், நாலெழுத்தில், ஐந்தெழுத்தில், சட்டென்று வாயில் நுழைகிற மாதிரி ஒன்றைத் தேடுவோம். ஜெர்மன்காரர் அப்படியல்ல. என்ன பொருள், அதில் எந்த ரகம், எந்த ஊர், விற்பனையா பழுதுபார்ப்பா என்று எல்லாவற்றையும் எழுதி, சொல்லுக்குச் சொல் நடுவில் ஒரு கோடு போட்டு, இதுதான் முகவரி என்பார். நம் ஊர் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயர் வருவதற்குள் தாத்தா பெயர், சொந்த ஊர், அவர் பார்த்த உத்தியோகம் எல்லாம் வந்துவிடுமே, அந்த மாதிரி.

இதைக் கேலி பண்ண எனக்கு முழு உரிமை உண்டு. அப்படிப்பட்ட முப்பத்தொரு முகவரிகளைச் சில வருடங்கள் கட்டி மேய்த்தவள் நான்.

2001-இல் ஹெச்-4 விசாவில் அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்தேன். வேலை பார்க்கிறவரின் மனைவிக்குக் கொடுக்கிற விசா அது. நாட்டில் இருக்கலாம், வேலை மட்டும் பார்க்கக் கூடாது. காலையில் கணவர் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறிவிடுவார். கம்ப்யூட்டரில் முதுகலை படித்த நான் அபார்ட்மென்ட்டில் கார்ப்பெட்டுக்கு வாக்யூம் போட்டுக்கொண்டிருப்பேன். வீட்டு ஒப்பந்தம், கார், போன் பில் எதிலும் என் பெயர் இருக்காது. மகள் பிறந்த பிறகு பொழுது போயிற்று, ஆனால் கோபம் போகவில்லை. நாலு வருடம் அப்படி இருந்தேன். யாராவது “நீங்க என்ன பண்றீங்க?” என்று கேட்டால் எனக்கு முகம் சிவந்துவிடும்.

2005-இல் வேலை கிடைத்தது, அதற்கான விசாவும் கிடைத்தது. பேக்கரி இயந்திரங்கள் செய்யும் ஒரு ஜெர்மன் கம்பெனியின் அமெரிக்கக் கிளை. இணையதள வேலை முழுவதையும் தலைமையகம் எங்கள் கிளையின் தலையில் கட்டியிருந்தது, கிளை என் தலையில் கட்டியது. கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டையை முதல் வாரம் வீட்டுக்கு வந்த பிறகும் கழற்றாமல் சமைத்தேன்.

வியாழக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு ஜெர்மனியிலிருந்து பழுதுபார்ப்புப் பிரிவின் தலைவர் போனில் வருவார். வணக்கம் சொல்வார், வானிலை பேசமாட்டார். முகவரிகளை வரிசையாகப் படிப்பார். ஒவ்வொரு கோட்டுக்கும் “மைனஸ்” என்பார். ரொட்டி மைனஸ் வெட்டும் மைனஸ் இயந்திரம் என்று அவர் சொல்லச் சொல்ல, நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். இந்த நீளம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். “எங்கள் வாடிக்கையாளர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் இல்லை, இயந்திரத்துக்கு முன்னால் நிற்பவர்,” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி சரி சரி என்றேன்.

2008 இறுதியில் எங்கள் மேலாளர், விளம்பரத் துறையிலிருந்து வந்த ஒரு அமெரிக்கர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சின்ன முகவரி போதும் என்று முடிவு செய்தார். பழையவற்றில் எவற்றை மூடலாம் என்று என்னைப் பட்டியல் போடச் சொன்னார். அந்த நேரத்தில் எங்கே பார்த்தாலும் ஆள்குறைப்புப் பேச்சு. நானும் நல்ல பெயர் வாங்கத் துடித்தேன். எந்த முகவரிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்தேன். ஹைபன் போட்டவை எல்லாவற்றுக்கும் மாதத்துக்கு விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் கூட்டம். முப்பத்தொன்றுக்கும் சிவப்பு அடித்து, மூடிவிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஜெர்மன்காரர் வேண்டாம் என்று பணிவாக ஒரு ஈமெயில் போட்டார். மேலாளர் அதைக் கண்டுகொள்ளவில்லை. நானும்தான். திங்கட்கிழமை கூட்டத்தில் கடைசி ஒப்புதல், அன்றைக்கே மூடுவது என்று ஏற்பாடு.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, கிறிஸ்துமஸுக்குப் பிளம் கேக் சொல்லிவைக்கப் பக்கத்து ஊரான எடிசனுக்குப் போனேன். ஓக் ட்ரீ ரோட்டை ஒட்டிய சந்தில் எங்கள் தூத்துக்குடிக்காரர் ஒருவர் பேக்கரி வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். கடையில் ஆள் இல்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“உள்ள வாங்கம்மா, கையெல்லாம் கிரீஸு!”

ரொட்டி வெட்டும் இயந்திரத்தின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து ஒரு பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வேறொரு பேக்கரியை மூடியபோது பழசாக வாங்கிய இயந்திரமாம். இருபது வருடமாவது ஆகியிருக்கும்.

“கிறிஸ்துமஸ் நேரம் பாத்து படுத்துட்டுதும்மா. நாலு நாளா கையாலதான் வெட்டுதேன். வித்தவன் போன எடுக்க மாட்டேங்கான். பெறவு இந்தத் தகட்டுல இருக்க அட்ரஸ அப்படியே பாத்து கம்ப்யூட்டர்ல அடிச்சேன். கோடு கோடா ரயில் மாதிரி போச்சு. ஆனா நேரா இந்த மிஷின் படத்துலயே கொண்டு நிறுத்திட்டாம் பாருங்க. பெல்ட்டு நம்பர் இருந்துச்சு, ஆர்டர் பண்ணுனேன், இன்னைக்கு வந்துட்டு.”

குனிந்து பார்த்தேன். மோட்டாருக்கு மேலே ஒரு சின்ன எவர்சில்வர் தகடு. இயந்திரம் பழசு, தகடு புதுசு. எப்போதோ சர்வீஸுக்கு வந்தவர்கள் மாற்றியிருக்க வேண்டும். அதில் பொறித்திருந்த முகவரி எனக்கு மனப்பாடம். என் பட்டியலில் பதினேழாவது வரி.

“நீளமா இருக்கே அண்ணாச்சி, அடிக்கக் கஷ்டமா இல்லையா?”

“இருந்தா என்னம்மா? என்ன வேணும்னு அதுலயே எழுதியிருக்கு. இது மட்டும் இல்லன்னா இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் கடைய பூட்டிட்டுப் போயிருக்கணும்.”

திங்கட்கிழமை அதை மூடப்போகிறவள் நான்தான். மாதத்துக்கு விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் கூட்டம் என்று எழுதியிருந்தேனே, அந்த விரல்களில் ஒன்று கிரீஸும் மாவுமாக என் முன்னால் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவரும் இயந்திரம் நின்றுபோய் வருகிறவர்கள். அவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தேனே தவிர, எதற்காக வருகிறார்கள் என்று பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. தகட்டைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் கணவர் சொன்னதிலும் தப்பில்லை.

“லிஸ்ட் போட்டதே நீ. இப்ப நீயே போயி தப்புன்னு சொல்லப் போறியா? ஊரெல்லாம் லே-ஆஃப். வேல போச்சுன்னா திரும்ப ஹெச்-4தான், ஞாபகம் இருக்கட்டும். பேசாம இருந்துரு.”

எனக்கா ஞாபகம் இருக்காது? ஞாயிற்றுக்கிழமை வாக்யூம் போடும்போது அந்தச் சத்தம் பொறுக்காமல் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில் காரில் உட்கார்ந்தபடி ஜெர்மனிக்குப் போன் போட்டேன். தகட்டைப் பற்றிக் கேட்டதும் அவர் குழம்பிப்போனார். “எல்லா இயந்திரத்திலும் இருக்கிறதே. பழையவற்றிலும் சர்வீஸின்போது மாற்றிவிட்டோம். அது எல்லோருக்கும் தெரியுமே!” என்றார். அவர் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கடல் தாண்டி யாரும் அதை எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கூட்டத்தில் மேலாளர் என் பட்டியலைக் கையில் எடுத்து, எல்லோருக்கும் சம்மதம்தானே என்றார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். அந்த அறையில் யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை, பள்ளிக்கூடப் பழக்கம் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டது.

“இந்தப் பட்டியலைப் போட்டது நான். தப்பாகப் போட்டிருக்கிறேன்,” என்றேன்.

அச்செடுத்த படத்தை அவர் முன்னால் வைத்தேன். சனிக்கிழமை பார்த்ததையும், வாடிக்கையாளர் இயந்திரத்துக்கு முன்னால் நிற்பவர் என்று ஜெர்மன்காரர் சொன்னதையும் சொன்னேன். அவர் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். இப்படி எத்தனை இயந்திரங்கள் என்று கேட்டார். இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கிற எல்லாமே என்றேன். அவர் பேனாவை எடுத்து, பட்டியலின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். “அடுத்த விஷயம்,” என்றார். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. அதற்குப் பிறகு பல வாரங்கள் என்னிடம் காலை வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிப்ரவரியில் ஆள்குறைப்பு வந்தது. என் வரிசையில் இரண்டு பேர் பெட்டியோடு கிளம்பிப் போனார்கள். மறுநாள் மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கழுத்திலிருந்த அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன்.

அவர் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். அமெரிக்காவுக்கென்றே ஒரு புதிய இயந்திரம் வரப்போகிறது, தகட்டில் பொறிக்க ஒரு முகவரி வேண்டும். விளம்பரக்காரர்கள் கொடுத்த மூன்று சின்னப் பெயர்கள் அதில் இருந்தன. “இதையெல்லாம் விடு. இயந்திரத்துக்கு முன்னால் நிற்கிற ஆளை இங்கே பார்த்திருப்பது நீ ஒருத்திதான். நீயே வை,” என்றார்.

உட்காரக்கூட இல்லை. அங்கேயே நின்றபடி எழுதினேன். என்ன இயந்திரம், அதன் உதிரி பாகம், எந்த நாடு. ஐந்து சொற்கள், நடுவில் நான்கு ஹைபன். அவர் கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். காரில் போய் உட்கார்ந்த பிறகுதான் அழுதேன், அதுவும் சந்தோஷத்தில்.

அந்த வருடம் இலை உதிர்கிற நேரத்தில் ஜெர்மனியிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே நாலு மூலையிலும் திருகாணித் துளையோடு ஒரு எவர்சில்வர் தகடு. கூடவே ஒரு துண்டுக் காகிதம். “அச்சிலிருந்து வந்த முதல் தகடு. உங்களுக்குச் சேர வேண்டியது,” என்று எழுதியிருந்தார். வானிலைகூடப் பேசாத மனிதர்.

சாப்பாட்டு மேசையில் வைத்திருந்ததை ஏழு வயது மகள் எடுத்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அம்மா, திஸ் இஸ் ஸோ லாங்! ஹூ மேட் திஸ் அப்?”

என் பெயர் அந்தத் தகட்டில் எங்கேயும் கிடையாது.

“நான்தான்டி,” என்றேன். “அம்மாதான் வெச்சேன்.”