அனன்யாவின் கணினி பேசாத நாள்

பெஹாலாவில் பார்வையற்ற பெண்களுக்கான எங்கள் பயிற்சி மையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் சூசைராஜ். தூத்துக்குடிக்காரர். இங்குள்ள பெண்கள் வங்காள வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், அவரை ‘சூசைதா’ என்று கூப்பிடுவார்கள். ஒழுங்குப் பைத்தியம்; மேசையில் பேனாவை யாராவது நகர்த்தினாலே முகம் சுண்டிவிடும். எங்கள் கணினிகளில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. பொத்தானை அமுக்கினால் பூட்லோடர் என்ற சின்ன நிரல் சர்வரிலிருந்து வந்து இறங்கும். மற்ற கோப்புகளை எல்லாம் அதுவே சர்வரிடம் கேட்டு வாங்கும். அதன்பிறகுதான் கணினி வாய் திறந்து, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும்.

ஒரு சனிக்கிழமை மனிதருக்குக் கை சும்மா இருக்கவில்லை. சர்வரில் கலைந்து கிடந்த கோப்புகளைப் புது ஃபோல்டர்களில் அடுக்கிவைத்தார். கோப்புகள் இனி எங்கே இருக்கும் என்ற புதிய பாதையை எல்லாக் கணினிகளுக்கும் எழுதியவர், ஒரே ஒரு பழைய கணினியை மறந்துவிட்டார். அது அனன்யாவுடையது.

திங்களன்று அதன் பூட்லோடர் புது ஃபோல்டரிலிருந்து வந்து இறங்கியும், மற்ற கோப்புகளைப் பழைய இடத்திலேயே போய்க் கேட்டது. கோப்பு கிடைக்கவில்லை என்று திரையில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிட்டது. கண் தெரியாத பெண்ணிடம் எழுதிக் காட்டி என்ன பயன்? சுற்றிலும் மற்ற கணினிகள் பேசிக்கொண்டிருந்தன. வகுப்பு முடியும்போது சூசைராஜ் உள்ளே வந்தார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா சும்மா இருக்க?”

“எதையோ தப்பா அமுக்கிட்டேன், சூசைதா. எனக்கு இது வராது. நாளைலேர்ந்து வரல.”

டாலிகஞ்சிலிருந்து தனியாக வருவதற்கே அம்மாவிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவள் அவள். சூசைராஜ் திரையில் இருந்த வரியைப் படித்தார்.

“உன் தப்பு இல்லம்மா. நான்தான் ஃபைல இடம் மாத்தி வச்சிட்டேன்.”

“எல்லாரும் இப்படித்தான் ஆறுதல் சொல்வாங்க.”

பாவம், அவள் கேட்டு வளர்ந்தது அதைத்தான். சூசைராஜ் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். பூட்லோடர் எந்த ஃபோல்டரிலிருந்து வந்ததோ அங்கேயே மற்றவற்றையும் தேடும்படி பாதையைத் திருத்தினார். கோப்பு கிடைக்காவிட்டால் மூன்று முறை பீப் அடிக்கவும் ஒரு வரி சேர்த்தார். பிறகு வேண்டுமென்றே ஒரு கோப்பை அங்கிருந்து எடுத்துவிட்டார்.

“ஃபைல் இல்லாட்டி இனிமே மூணு தடவ பீப் அடிக்கும். ஒண்ண எடுத்து வச்சிருக்கேன். இப்ப நீயே ஆன் பண்ணு.”

கணினி மூன்று முறை பீப் அடித்தது. கோப்பைத் திரும்ப வைத்தார். இந்த முறை கணினி பேசியது.

“இன்னொரு தடவ எடுங்க,” என்றாள். எடுத்தார். பீப் அடித்தது. இன்னும் ஒரு தடவை கேட்டாள். அலுக்காமல் செய்தார்.

“அப்ப நான் ஒண்ணுமே பண்ணல.”

“ஒண்ணுமே இல்ல.”

அவள் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“என் ஒரு கிளாஸையே வீணாக்கிட்டீங்க, சூசைதா. உங்களுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா?”

திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.