நான் தள்ளிப்போட்ட நாலு வரி

காப்பி எஸ்டேட்டில் முப்பது வருஷம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன் நான். தலைச்சோலைப் பக்கம் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னைத் தேடித்தான் வருவார்கள். பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன். சொந்த மகளின் கல்யாணத்துக்கு நாலு வரி எழுத மட்டும் ஏறக்குறைய மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன்.

அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, என் முன்கோபம் தாங்காமல் அவள் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு ஏற்காட்டில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போனவர்களே வரட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன். ஒரே மலை, ஒரு பஸ் தூரம். இருபத்திரண்டு வருஷம் ஓடிப்போனது. எப்போதாவது ஏற்காட்டில் ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் எதிர்ப்பட்டால் “நல்லாருக்கீங்களாப்பா?” என்பாள். அதற்கு மேல் நானும் பேசியதில்லை.

பெங்களூரில் வேலை பார்த்தபோது, ஈரானில் பிறந்த பஹாய் சமயத்தில் சேர்ந்தாள். அங்கேயே கென்யாக்காரப் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்வதென்று முடிவெடுத்தாள். அதைச் சொல்லத்தான் முதல் தடவை என் வீட்டுக்கு வந்தாள். அவர்கள் வழியில் ஐயர் கிடையாது, தாலி கட்டாயமில்லை. ஆனால் உயிரோடிருக்கும் பெற்றோர் எல்லோரும் சம்மதம் தர வேண்டும். வளர்த்தவரா, எட்டிக்கூடப் பார்க்காதவரா என்ற கேள்வியே இல்லையாம்.

“நான் மாட்டேன்னு சொன்னா?”

“கல்யாணம் நடக்காதுங்கப்பா. அம்மா எழுதிக் குடுத்துட்டாங்க.”

அந்தப் பதில் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவளுடைய பள்ளிக்கூட ரேங்க் கார்டில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. இப்போது நானில்லாமல் ஆகாதாம்! “யோசிச்சுத்தான் சொல்லணும் கண்ணு” என்றேன். யோசிக்க ஒன்றுமே இல்லை. அவள் உட்கார்ந்து காப்பி குடித்தாள், பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை அவளை வரவைத்துவிட வேண்டும் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

அடுத்த வாரம் பையனோடு வந்தாள். நெடுநெடுவென்று இருந்தவன் என் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு அவனே சிரித்தான். அப்பா இல்லாத பையன். நர்ஸ் வேலை பார்த்து ஒற்றை ஆளாக வளர்த்த அம்மா, கல்யாணத்துக்காக லீவு போட்டு வந்து ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார்.

“அவங்களுக்கு இன்னும் எட்டு நாள்தானுங்கப்பா லீவு. நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா இந்த ஞாயித்துக்கிழமையே வெச்சுக்கலாமுங்க.”

“அவசரப்படாத சாமி. பத்து நாள் கழிச்சு வா, தரேன்.”

தெரிந்தேதான் சொன்னேன். அன்று அவள் என் அடுப்படியில் நின்று ரசம் வைத்தாள், அவன் மிளகு தட்டிக் கொடுத்தான். அப்படி இன்னும் ஒரு நாள் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு யார் விலை கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் தடவை தனியாக வந்தாள். பையனின் அம்மாவை முந்தாநாள்தான் பெங்களூரில் பிளேன் ஏற்றிவிட்டு வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

“பெத்தவங்க மனசாரக் குடுக்கோணும், அவரை நெருக்காதேன்னு சொல்லிட்டுப் போனாங்கப்பா.”

அஞ்சே நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டாள். அதற்குப் பதிலாகத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கல்யாணம் ஏற்காட்டில் தோழி ஒருத்தியின் வீட்டுத் தோட்டத்தில் நடந்தது. காப்பி பூத்திருந்த சமயம். தமிழிலும் சுவாஹிலியிலும் பாரசீகத்திலும் பிரார்த்தனை சொன்னார்கள். பிறகு இரண்டு சாட்சிகளின் முன்னால், கடவுளின் விருப்பப்படி நடப்போம் என்று அவன் ஒரு வரி சொன்னான், அவளும் சொன்னாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நான் பழக்கதோஷத்தில் மேளத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பையனின் அம்மா அதில்தான் கல்யாணம் பார்த்தார். அதற்கு அடுத்த நாற்காலியில் என்னை உட்காரவைத்திருந்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன் மகள் அந்தப் போனை எடுத்து என்னிடம் காட்டினாள். அந்த அம்மா நர்ஸ் உடையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஆங்கிலத்தில் பேச, மகள் தமிழில் சொன்னாள்.

“எங்களைப் பத்தி நொம்ப யோசிச்சு முடிவெடுத்தீங்களாமா. அவ்வளவு அக்கறைக்கு நன்றிங்கறாங்கப்பா. என்னென்ன யோசிச்சீங்கன்னு தெரிஞ்சுக்க ஆசையாம்.”

“நான் ஒண்ணும் யோசிக்கல கண்ணு. எழுதிக் குடுத்துட்டா அப்புறம் நீ வரமாட்டியேன்னுதான் இழுத்தடிச்சேன். அப்படியே அவங்ககிட்ட சொல்லிடு.”

அவள் சொல்லவில்லை. போனில் அந்த அம்மா பதிலுக்காகக் காத்திருந்தார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

“ஒருவாட்டி வான்னு சொல்லியிருந்தீங்கன்னா வந்திருப்பேனுங்களே” என்றாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைப் பார்த்துச் சிரித்தபடி ஆங்கிலத்தில் வேறு எதையோ சொன்னாள். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.