கல்தூசுக்கு ஒரு சட்டம்

திருச்செங்கோட்டுப் பக்கம் பாதி ஊர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில்தான் பிழைக்கிறது. சென்னிமலையும் பதினெட்டு வயதில் அதில் ஏறியவன். இருபத்தாறு வருடம் போர் போட்டான். சத்தீஸ்கர், ராஜஸ்தான், ஆந்திரா என்று அவன் தண்ணீர் எடுத்துக் கொடுக்காத சீமை இல்லை. சொந்தக் காட்டில் மட்டும் ஆயிரம் அடிக்கும் புழுதிதான் வந்தது.

இப்போது வயது நாற்பத்து நான்கு. கட்டிலிலிருந்து வாசலுக்குப் போவதற்குள் இரண்டு தடவை உட்கார வேண்டும். முதலில் டிபி என்று ஒன்பது மாதம் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு பார்த்த ஒரு டாக்டர்தான் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "இது கல்தூசு. நுரையீரல்ல படிஞ்சு போச்சு, எடுக்க முடியாது" என்றார். ஒளிவுமறைவு இல்லாத மனுஷர். மிஞ்சினால் ஒரு வருடம் என்பதையும் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் பேப்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. சட்டசபை கூடாத நாட்களில் மனுக்கள் குழு மாவட்டம் மாவட்டமாகப் போகுமாம், நாமக்கல்லுக்கும் வருமாம். பொதுக் கோரிக்கை எதுவானாலும் ஐந்து நகல் எழுதி அனுப்பினால், அனுப்பியவரைக் கூப்பிட்டு எம்.எல்.ஏ.க்களே நேரில் கேட்பார்களாம். சென்னிமலை நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நிவாரணம் கேட்க அவனுக்குத் தோன்றவே இல்லை. புழுதி அடங்கத் தண்ணீர் பீய்ச்சாமல் ரிக் ஓட்டக் கூடாது, புழுதியில் நிற்கிறவன் மூக்கையும் வாயையும் மூடியிருக்க வேண்டும், மீறினால் வண்டியைப் பிடிக்க வேண்டும். இப்படி ஒரு சட்டம் வேண்டும், அவ்வளவுதான்.

அவன் சொல்லச் சொல்ல மனைவி அன்புச்செல்வி எழுதினாள். "சட்டம் போட்டா மட்டும் கேட்டுருவாங்களாக்கும்?" என்றாள்.

"காட்டுக்காரரு சாங்கியம் பேசறப்ப, போலீஸு புடிக்குமுங்கன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாமல்லொ புள்ள. வெறும் வாயில சொன்னா ஆரு கேக்கறா?"

சாங்கியம் வேறொன்றுமில்லை. பூசை போட்டு போர் இறக்க ஆரம்பித்துவிட்டால் வாயில் துணி கட்டியவன் பக்கத்தில் நிற்கக் கூடாது. வாயைக் கட்டுவது பிணத்துக்காம். பிணம் மாதிரி ஒருவன் நின்றால் தண்ணீர் எப்படி வரும் என்பார்கள். என்ன புத்தியோ! துணியை அவிழ்த்தவன் பிணமாகப் போனால் மட்டும் யாருக்கும் தோஷமில்லை.

அன்புச்செல்வியின் தம்பி அன்பரசுவை ரிக்குக்குக் கூட்டிப் போனவன் சென்னிமலை. விவரமானவன், முதல் நாளே துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நின்றான். தம்மம்பட்டியில் ஒரு பாக்குத் தோப்பு. தோப்புக்காரர் முகத்தைச் சுளித்தார். அவர் வாய் திறப்பதற்குள் சென்னிமலையே, "அவுத்துப் போடுடா, மானத்த வாங்காத" என்று எல்லார் முன்னாலும் கத்தினான். அதற்குப் பிறகு அன்பரசு எந்த ஊரிலும் கட்டவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், முப்பத்திரண்டு வயதில், இதே இருமலில் போய்ச் சேர்ந்தான். அவனுக்கும் டிபி என்றுதான் சீட்டில் எழுதினார்கள்.

இதைப் பெண்டாட்டியிடம் சொல்ல அந்தப் பாவிக்கு வாய் வரவில்லை. 'சக தொழிலாளி ஒருவரைத் துணியை அவிழ்க்கச் சொன்னார்கள்' என்று மட்டும் மனுவில் எழுத வைத்தான்.

மனு ஏற்கப்பட்டது, தை மாதம் விசாரணை என்று கடிதம் வந்தது. சென்னிமலை பேசிப் பழகினான். ஒரு மூச்சுக்கு எட்டு வார்த்தைதான் வரும். அதற்குத் தோதாகப் பேச்சைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டான். நாமக்கல் போக வாடகைக் காரும் சொல்லி வைத்தார்கள். குழு தையில் வரவில்லை, மாசிக்குத் தள்ளிப்போயிற்று. மாசியில் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். வைகாசியில் இன்னொரு கடிதம் வந்தது. பேரவை கலைந்துவிட்டதால் நிலுவையில் உள்ள மனுக்கள் காலாவதியாகிவிட்டன, புதிய குழு அமைந்த பின் மீண்டும் அனுப்பலாம் என்றிருந்தது. இதில் யாரைப் போய்க் குற்றம் சொல்வது? வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

அதற்குள் மூச்சுக்கு மூன்று வார்த்தையாகியிருந்தது.

"திரும்ப எழுதிப் போடலாமுங்க" என்றாள் அன்புச்செல்வி.

"எழுது. உன்ர பேர்ல."

"என்ர பேர்ல எதுக்குங்க?"

"அவிய கூப்புடறப்ப... ஆளு இருக்கோணும். நானு இருக்கமாட்டேன்."

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அவன் காத்திருந்தான்.

"அந்தச் சக தொழிலாளி... உன்ர தம்பி. அவுக்கச் சொன்னது... நாந்தான். பேரு சொல்லோணும் புள்ள. இல்லீன்னா... கதைம்பாங்க."

அன்புச்செல்வி எழுந்து போய்க் கொதிக்கிற உலையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். பழைய மனுவை எடுத்து மடியில் விரித்தாள்.

"எந்த ஊர்ல?"

"தம்மம்பட்டி."

"எந்த வருசம்?"

சொன்னான். எழுதிக்கொண்டாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

மனுதாரர் பெயருக்குப் பக்கத்தில் இன்னாரின் மனைவி என்று போடுவதுதான் வழக்கம். அந்த இடத்தில் அவள் பேனாவைக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்திருந்தாள். பிறகு 'அன்புச்செல்வி, இறந்துபோன அன்பரசுவின் அக்கா' என்று எழுதி, அவனுக்குப் படித்துக் காட்டாமலே மடித்தாள்.