ஒழுங்கைக்குக் கரண்ட் கொடுத்தவள்

என் மனைவி கனடாவுக்கு வந்து மூன்று மாதமாகியும் அவள் என்னோடு பேசிய சொற்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். "ஓம்", "இல்லை", "சாப்பிடுங்கோ", "குளிருது." கலியாணம் முடிந்து நாலாம் மாதம் ஸ்காபரோவுக்கு ஓடி வந்தவன் நான். அவள் வந்து சேர ஐந்தரை வருடம் பிடித்தது. விமான நிலையத்தில் கண்டபோது, என் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டுமோ என்றுகூட யோசித்தேன். பிறகு ஒன்பதாம் மாடி வீட்டில், ஒரே பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இரண்டு பேரைப் போல இருந்தோம். அவள் வாய் திறந்து இரண்டு வசனம் சேர்ந்தாற்போலப் பேசமாட்டாளா என்று ஏங்கினேன். மானத்தைக் காப்பாற்ற இதை வேறு மாதிரிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அந்த விண்டரில்தான், இரத்தத்தில் சீனி கூடுகிறது, எனக்குச் சீனி வருத்தம் எட்டிப் பார்க்கிறது என்று டொக்டர் சொன்னார். எங்கள் ஊர் ஆள்தான், அதனால் ஒளிவுமறைவு கிடையாது.

"வெளியில ஓடப் போய் ஐஸில விழுந்து இடுப்பை முறிச்சுப்போடாதேங்கோ. வீட்டுக்குள்ள சைக்கிள் ஓடுங்கோ. அரை மணித்தியாலம். நிமிசத்துக்கு எழுபது சுத்து, கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

யூனியன்வில்லில் வீடு மாறிய ஒரு குடும்பம் எறிய வைத்திருந்த இரும்புச் சட்டம் ஒன்று கிடைத்தது. என் பழைய சைக்கிளின் பின்சில்லை நிலத்தில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். சில்லு ஒரு உருளையில் உரசிச் சுற்றும், சைக்கிள் மட்டும் ஓர் அங்குலமும் நகராது. கைபிடியில் சின்னப் பெட்டி ஒன்று நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆணுக்குச் சைக்கிளைப் பற்றி ஒருவரும் சொல்லித்தர முடியாது என்பது எங்கள் சமயத்தின் முதல் கட்டளை. நாய் துரத்தும்போது ஓடியிருக்கிறேன், பின்னால் மூட்டை கட்டிக்கொண்டும் ஓடியிருக்கிறேன். எழுபது எனக்கு எம்மாத்திரம்? ஏறி மிதித்தேன். பெட்டி நூற்றுப் பத்துக் காட்டியது. கொஞ்ச நேரத்தில் நாற்பது. பிறகு நான் கைபிடியில் கவிழ்ந்து கிடந்து மூச்சு வாங்க, பூச்சியம். கீழ்வீட்டுக்காரன் கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டுக் கூரையை இடித்தான்.

அவள் குசினி வாசலில் வெங்காயத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பிடி மிதிச்சா றேடியோ நிண்டிடும்," என்றாள்.

மூன்று மாதத்தில் அவள் பேசிய முதல் முழு வசனம். எனக்கு அது விளங்கவேயில்லை.

"எந்த றேடியோ?"

"எங்கட ஒழுங்கைக்கு நான்தான் கரண்ட்."

வெங்காயத்தை வைத்துவிட்டு வந்து சொன்னாள். சண்டைக் காலம், ஊரில் மின்சாரம் இல்லை, பற்றறியைக்கூட இராணுவம் உள்ளே வரவிடாது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவின் வயரை றேடியோவில் கொழுவி, ஒருவர் மிதிக்க, ஒழுங்கையின் இரண்டு பக்கத்து வீட்டாரும் கூடிச் செய்தி கேட்பார்கள். நான் இதை ஊரிலிருந்து வந்த கடிதங்களில் வாசித்திருக்கிறேன். மிதித்தது என் பெண்சாதி என்பது எனக்குத் தெரியாது.

"அண்ணை மிதிச்சுப் பாத்தவர், சரிவரேல்லை. மெதுவா மிதிச்சா செய்தி வாசிக்கிறவர் கிணத்துக்குள்ள போயிடுவார். விசையா மிதிச்சா றேடியோ எரிஞ்சுபோம். பிறகு ஒழுங்கை சேந்து என்னை எரிச்சிருக்கும்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

"இன்னும் சொல்லுமன்."

"மிதியுங்கோ, சொல்லுறன்."

அன்றிலிருந்து வேலையால் வந்ததும் நான் சைக்கிளில், அவள் எதிரே கதிரையில். அவள்தான் றேடியோ. என் கால் ஒரே சீராகச் சுற்றும்வரை கதை வரும். கால் தளர்ந்தால் குரலை இழுத்து, தடித்த ஆண்குரலாக்கி, வசனத்தின் நடுவிலேயே அணைந்துபோவாள். ஆத்திரத்தில் விசையாக மிதித்தால் கீச்சுக் குரலில் கத்திவிட்டு, "எரிஞ்சு போச்சு, நாளைக்குத்தான்," என்று எழும்பிப் போய்விடுவாள். குண்டுக்கு ஒளிய வெட்டிய பங்கருக்குள் பக்கத்து வீட்டுக் கிழவி போட்ட சண்டையில் யார் வென்றார்கள் என்று அறிய எனக்கு நாலு நாள் எடுத்தது. இதைவிடக் கொடுமையான உடற்பயிற்சியை எந்த டொக்டரும் எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் ஒன்றரை மாதத்தில் பெட்டியைப் பார்க்காமலே எழுபதில் நின்றேன். சந்தோஷமாக இருந்தேன். அவள் குரல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு பின்னேரம் அதே குரலில் சொன்னாள்:

"பிறகு பதினொரு மாசம் உங்கட கடிதம் வரேல்லை."

கால் நின்றுவிட்டது. அவள் அணைந்துபோகவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இறங்குங்கோ. இப்ப நான் மிதிக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ."

வீட்டுச் சட்டையை முழங்காலுக்கு இழுத்துவிட்டு ஏறினாள். பெட்டியில் எழுபது வந்து ஆணி அடித்த மாதிரி நின்றது. நான் கதிரையில் இருந்து தொடங்கினேன். தபால் ஒழுங்கில்லை என்றேன். இரண்டு வேலை என்றேன். வீடு மாறினேன், விலாசம் தொலைந்தது என்றேன். நாலு வீடு மாறியும் தொலையாத விலாசம் அது. அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். ஒழுங்கையே காது கொடுத்துக் கேட்கும் அளவுக்குக் கரண்ட் வந்துகொண்டிருந்தது, பேச எனக்குத்தான் பொய் முடிந்துவிட்டது.

"உம்மை விட்டிடலாம் எண்டு நினைச்சனான்," என்றேன். "இனி நீர் வரமாட்டீர், இஞ்சை வேற ஒரு வாழ்க்கையைப் பாப்பம் எண்டு நினைச்சனான். அதுதான் எழுதேல்லை."

சொல்லிவிட்டு, வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் மூச்சு வாங்காமல். "தெரியாதது ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ."