ஆளில்லாத நேர்காணல்

இன்று காலை நெமிலிச்சேரி ஸ்டேஷன் அருகே பிரவுசிங் சென்டரில் ஜெராக்ஸுக்காக நின்றிருந்தேன்.

பக்கத்து மேசையில் பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி. பெரிய ஆடிட் நிறுவனம் ஒன்றின் இன்டர்ன்ஷிப்புக்கு அவளுக்கு ஆன்லைன் நேர்காணல்.

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று திரையில் ஆங்கிலத்தில் வந்தது. அவள் எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்றாள். பிறகு உட்காரச் சொல்வார்கள் என்று காத்திருந்தாள்.

யாரும் சொல்லவில்லை. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, சும்மா நின்னுகினு கீற? அந்தாண்ட ஆளே கிடையாது. நீ பேசறத மிஷினு ரெகார்டு பண்ணிக்கும். தொண்ணூறு செகண்டுதான்."

அவள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நேரம் முடிந்திருந்தது.

"இன்னொரு தபா பண்ணலாமாண்ணா?"

"ஒரு தபாதான்மா. மூடிட்டான்."

அவள் பையை மாட்டிக்கொண்டாள். "பெரியவங்க பேசறதுக்கு முன்னாடி நாம எப்படிண்ணா ஆரம்பிக்கறது?" என்று கேட்டாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஜெராக்ஸைப் பார்த்தேன்.

இப்படி ஒரு நேர்காணலில் தேறியவர் யாராவது இங்கே இருந்தால், முதலில் என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள். அவளுக்கு இனி உதவாது. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.